குடியிருப்பு நீச்சல்குளம் மக்கர் செய்தால்: அறிகுறி வாரியாக என்ன பார்ப்பது

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள அடுக்ககங்கள், கேட்டட் கம்யூனிட்டிகளின் பொதுக் குளங்களில் வரும் கோளாறுகளை எண்ணினால் பத்தைத் தாண்டாது. அவைதான் மாறி மாறி வருகின்றன. பாதிக்குக் காரணம் போர் தண்ணீரில் இருக்கும் உப்பு. மீதிக்குக் காரணம் அளந்து பார்க்காமல் மருந்து கொட்டுவது. அதனால் கீழே எந்த அறிகுறிக்கும் முதல் வேலை அளப்பதுதான். மருந்து அதற்குப் பிறகு.

கணக்குக்கு 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழமுள்ள குளத்தை வைத்துக்கொள்வோம். சுமார் ஒரு லட்சம் லிட்டர். உங்கள் குளம் 60,000 லிட்டர் என்றால் எல்லா அளவையும் 0.6 ஆல் பெருக்குங்கள்.

இருக்க வேண்டிய அளவுகள்: பி.எச். (அமில-கார அளவு) 7.2 முதல் 7.6, கட்டற்ற (இன்னும் வேலை செய்யும்) குளோரின் 1 முதல் 3 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்), காரத்தன்மை (பி.எச். சட்டென்று மாறாமல் பிடிக்கும் உப்புகள்) 80 முதல் 120 பி.பி.எம்., கடினத்தன்மை (கால்சியம்) 200 முதல் 400, சயனூரிக் அமிலம் (குளோரினை வெயிலிலிருந்து காப்பது) 30 முதல் 50.

லட்சம் லிட்டரில் குளோரினை 1 பி.பி.எம். ஏற்ற 10 சத திரவ ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) 1 லிட்டர், 65 சத கால்சியம் ஹைப்போ குருணை 155 கிராம், 90 சத டி.சி.சி.ஏ. (சயனூரிக் கலந்த குளோரின், மாத்திரையாகவும் வரும்) 110 கிராம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று போதும்.

சோதனைக் கிட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். மஞ்சள் நிறம் காட்டும் ஓ.டி.ஓ. சொட்டு மருந்து மொத்தக் குளோரினை மட்டும்தான் காட்டும். வேலை செய்யும் குளோரின் எவ்வளவு, செத்த குளோரின் எவ்வளவு என்று பிரிக்காது. இளஞ்சிவப்பு காட்டும் டி.பி.டி. கிட் வாங்குங்கள். அதிலும் ஒரு பொறி உண்டு: குளோரின் மிக அதிகமானால் இளஞ்சிவப்பு ஒரு நொடி வந்து மறைந்துவிடும். பார்ப்பவர் "குளோரினே இல்லை" என்று இன்னும் கொட்டுவார். சந்தேகம் வந்தால் குளத்து நீரையும் ஆர்.ஓ. நீரையும் பாதிக்குப் பாதி கலந்து சோதித்து, விடையை இரண்டால் பெருக்குங்கள்.

இவற்றைக் கண்டால் காரணம் தேடும் முன்பே பூட்டுங்கள்

தண்ணீரிலோ கைப்பிடிக் கம்பியிலோ லேசாகச் "சுரீர்" என்றால் எல்லோரையும் வெளியேற்றி, குளத்துக்கான மெயின் சுவிட்சை இறக்குங்கள். யாரும் கம்பியைத் தொட்டு "எனக்குத் தெரியவில்லையே" என்று சோதிக்க வேண்டாம். நீருக்கடியில் உள்ள விளக்கு 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில்தான் ஓட வேண்டும். மோட்டார் லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் தானே விழும் சுவிட்ச்) இருக்க வேண்டும். அது அடிக்கடி விழுகிறது என்பதற்காக நேர் இணைப்புக் கொடுத்து வைத்திருந்தால், அதுவே உங்கள் கோளாறு. உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் வந்து எர்த் அளந்து சரி சொல்லும்வரை குளம் மூடியே இருக்கட்டும்.

அடித்தள வடிகால் மூடி உடைந்திருந்தாலோ ஆடினாலோ மோட்டாரை நிறுத்திப் பூட்டுங்கள். உறிஞ்சும் விசையில் குழந்தையின் முடியோ கையோ சிக்கினால் பெரியவர் இழுத்தாலும் வராது.

கரையில் நின்று பார்க்கும்போது அந்த மூடி தெளிவாகத் தெரியாவிட்டாலும் பூட்டுதான். கலங்கலில் மூழ்கியவர் கண்ணுக்குத் தெரியமாட்டார்.

அறிகுறி: தண்ணீர் பச்சை

*இரண்டு மூன்று நாளில் மெல்லப் பச்சையாகி, சுவர் வழுக்கினால்* அது பாசி. சித்திரை, வைகாசியில் ஒரு நாள் மோட்டார் ஓடாவிட்டாலே போதும். பார்க்க வேண்டிய வரிசை:

முதலில் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது? கரண்ட் பில்லுக்குப் பயந்து 3 மணி நேரமாகக் குறைத்திருப்பார்கள். வெயில் காலத்தில் 8 முதல் 10 மணி நேரம் ஓட வேண்டும்.

அடுத்து குளோரின். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் பி.எச்.சை 7.2க்கு இறக்கி, சுவர், படி, மூலை எல்லாம் பிரஷ் போட்டு, வெயில் தாழ்ந்தபின் 10 பி.பி.எம். அளவுக்குக் குளோரின் ஏற்றுங்கள். லட்சம் லிட்டருக்குத் திரவ ஹைப்போ 10 லிட்டர். இரவு முழுக்க மோட்டார் ஓடட்டும். பகலில் கொட்டினால் வெயிலே பாதியைத் தின்றுவிடும். காலையில் தண்ணீர் பச்சையிலிருந்து சாம்பல் வெள்ளைக்கு மாறியிருந்தால் பாசி செத்தது. ஃபில்டரைப் பேக்வாஷ் செய்து (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவி) ஓட்டிக்கொண்டே இருங்கள். குளோரின் 3க்குக் கீழே வரும்வரை யாரும் இறங்கக் கூடாது.

திரவ ஹைப்போ வெயிலில் கிடந்தால் வாரக்கணக்கில் வீரியம் இறங்கும். மொட்டை மாடியில் கேனை அடுக்கி வைத்து "மருந்து போட்டும் கேட்கவில்லை" என்று சொல்வதில் பொருளில்லை. நிழலில் வையுங்கள், இரண்டு வாரத்துக்கு மேல் இருப்பு வேண்டாம்.

*கிட்டில் குளோரின் 3, 4 என்று காட்டியும் பாசி வந்தால்* சயனூரிக் அமிலம் ஏறியிருக்கிறது. டி.சி.சி.ஏ. மாத்திரை மட்டுமே போடும் குளங்களின் தீராத நோய் இது. தினம் 2 பி.பி.எம். குளோரினை மாத்திரையாகக் கொடுத்தால் மாதம் சுமார் 36 பி.பி.எம். சயனூரிக் சேரும்; மூன்று மாதத்தில் நூறைத் தாண்டும். அது ஆவியாவதில்லை, ஃபில்டரிலும் நிற்பதில்லை. குளோரின் இருக்கும், ஆனால் வேலை செய்யாது. பாதித் தண்ணீரை மாற்றுவது ஒன்றுதான் வழி: 50,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி நான்குக்கு மேல். இந்தச் செலவு வருவதற்கு முன்பே, வாரத்தில் சில நாள் மாத்திரைக்குப் பதில் திரவ ஹைப்போ என்று மாற்றுவது மலிவு.

*தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்து, ஆனால் பச்சை சாயலாக இருந்தால்* அது பாசி அல்ல, தாமிரம். பாசிக்கு மயில்துத்தம் (தாமிர உப்பு) போடும் பழக்கம் பல பூல்காரர்களிடம் இன்னும் உண்டு. வேலை செய்யத்தான் செய்கிறது. ஆனால் தாமிரம் குளத்திலேயே தங்கி, பி.எச். ஏறும்போது டைல்ஸ் இடுக்கில் கறையாக இறங்கும். நரைத்த தலையில் பச்சை ஏறும். கறுத்த முடியில் தெரியாததால் தாத்தா பாட்டிகள்தான் புகார் சொல்வார்கள். நிறுத்திவிட்டு, நீரைப் பகுதி பகுதியாக மாற்றுங்கள்.

*எப்போது ஆள் கூப்பிடுவது:* இரண்டு இரவு குளோரின் ஏற்றியும் காலையில் 1க்குக் கீழே இறங்கினால், அல்லது டைல்ஸ் இடுக்கில் தேய்த்தாலும் போகாத கரும்புள்ளிப் பாசி பரவினால்.

அறிகுறி: வெள்ளைக் கலங்கல்

இதில்தான் பணம் அதிகம் வீணாகிறது. கலங்கலுக்கென்று விற்கும் திரவம் வாங்குவதற்கு முன் கேள்வி ஒன்று: எப்போது கலங்கியது?

*ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் பிறகு* என்றால் ஃபில்டருக்கு வேலை அதிகம், குளோரின் குறைவு. பேக்வாஷ், இரவு முழுக்க ஓட்டம், குளோரின் 3. மறுநாள் மாலைக்குள் தெளியும்.

*மருந்து போட்ட ஒரு மணி நேரத்தில்* என்றால் கால்சியம். உப்புத் தண்ணீரில் கடினத்தன்மை முன்பே 500, 600 இருக்கும். அதில் பிளீச்சிங் பவுடரோ கால்சியம் ஹைப்போவோ பி.எச். ஏற்றும் சோடா ஆஷோ விழுந்தால் பால் போலத் திரியும். பிளீச்சிங் பவுடரைக் குளத்துக்குள் நேரே தூவுவதை அடியோடு விடுங்கள். அதில் குளோரின் மூன்றில் ஒரு பங்குதான், மீதி சுண்ணாம்பு. வேறு வழியில்லாதபோது வாளியில் கரைத்து, தெளிய விட்டு, மேல் நீரை மட்டும் ஊற்றலாம். ஏற்கெனவே திரிந்துவிட்டால் ஆசிட் கொண்டு பி.எச்.சை 7.2க்கு இறக்குங்கள். 7.8இலிருந்து 7.5க்கு வர லட்சம் லிட்டருக்கு 30 சத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஏறக்குறைய 1 லிட்டர். முக்கால் லிட்டரில் தொடங்கி, நான்கு மணி நேரம் கழித்து அளந்து, மீதியைச் சேருங்கள். வாளித் தண்ணீரில் ஆசிட்டை ஊற்ற வேண்டும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது.

*பி.எச். இறக்கினாலும் இரண்டு நாளில் 8ஐத் தொட்டால்* காரத்தன்மை அதிகம். போர் தண்ணீரில் 300க்கு மேல் இருப்பது இங்கே அபூர்வமல்ல. அதை 10 பி.பி.எம். இறக்க லட்சம் லிட்டருக்கு 2 லிட்டர் ஆசிட் செலவாகும். தினம் அவ்வளவுதான், அதற்கு மேல் வேண்டாம். செயற்கை அருவி, நீரூற்று ஓடினால் பி.எச். இன்னும் வேகமாக ஏறும்; சரியாகும்வரை அதை நிறுத்தி வையுங்கள்.

*எப்போதுமே மங்கலாக இருந்தால்* ஃபில்டர் மணலைப் பாருங்கள். ஐந்தாறு வருடம் மாற்றாத மணல் எண்ணெயும் சுண்ணாம்பும் சேர்ந்து கட்டியாகி, நடுவில் வழி விட்டு, தண்ணீர் வடிகட்டாமலே ஓடிவிடும். மூடியைத் திறந்து கையை விட்டால் தெரியும்: மணல் உதிராமல் பாளமாக வரும்.

அவசரமாகத் தெளிய வேண்டுமானால் படிகாரம். லட்சம் லிட்டருக்கு 4 கிலோவைக் கரைத்து, ஃபில்டரின் மல்டிபோர்ட் (பல நிலை) வால்வை ரீசர்குலேட் நிலையில், அதாவது மணலைத் தொடாமல் சுற்றும்படி வைத்து 2 மணி நேரம் சுற்றவிட்டு, மோட்டாரை நிறுத்தி இரவு முழுக்க அசையாமல் விடுங்கள். காலையில் தரையில் படிந்ததை வால்வு வேஸ்ட் (நீர் வெளியே போகும்) நிலையில் வைத்து மெதுவாக வாக்கும் செய்ய வேண்டும். ஃபில்டர் நிலையில் செய்தால் மணல் முழுக்க படிகாரக் கூழ் அடைத்துக்கொள்ளும். படிகாரம் காரத்தன்மையைக் குறைக்கும். பிறகு அளந்து, 80க்குக் கீழே போயிருந்தால் 10 பி.பி.எம். ஏற்ற சமையல் சோடா 1.7 கிலோ.

அறிகுறி: குளோரின் போட்டதும் தேநீர் நிறம்

போர் தண்ணீரில் இரும்பு. புதிதாக நிரப்பியபின் முதல் குளோரினில் வரும். அடுத்த லோடுக்கு முன் ஒரு வெள்ளை வாளியில் அந்த நீரைப் பிடித்து, ஒரு மூடி ஹைப்போ விட்டுச் சில மணி நேரம் வையுங்கள். பழுப்பானால் அந்த லாரியைத் திருப்பி அனுப்பலாம். ஏற்கெனவே குளத்தில் வந்துவிட்டால் படியவிட்டு, வேஸ்ட் நிலையில் வாக்கும் செய்யுங்கள். பி.எச்.சை மேலே போக விடாதீர்கள். டைல்ஸில் ஏறிவிட்டால் கழுவுவது பெரிய வேலை.

அறிகுறி: கண் எரிச்சல், மூக்கைத் துளைக்கும் வாடை

"குளோரின் அதிகம்" என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் நேர்மாறு. வியர்வையும் சிறுநீரும் சேர்ந்து செத்த குளோரின்தான் அந்த வாடை. டி.பி.டி. கிட்டில் மொத்தத்திலிருந்து கட்டற்றதைக் கழியுங்கள். வித்தியாசம் 0.5க்கு மேல் இருந்தால், அந்த வித்தியாசத்தின் பத்து மடங்கு குளோரினை ஒரே தவணையில் இரவில் போட வேண்டும். 0.8 என்றால் 8 பி.பி.எம்., அதாவது 8 லிட்டர் ஹைப்போ. அரைகுறையாகப் போட்டால் வாடை கூடத்தான் செய்யும்.

வித்தியாசம் இல்லாமல் கண் எரிந்தால் பி.எச்.: 7க்குக் கீழே அல்லது 8க்கு மேலே.

திரும்பத் திரும்ப வந்தால் தீர்வு குளிக்கும் இடத்தில் இருக்கிறது. ஷவரில் தண்ணீர் வருகிறதா? பாதிக் குளங்களில் அது அலங்காரத்துக்கு நிற்கிறது.

அறிகுறி: நீர்மட்டக் கோட்டில் பிசுக்கு, அல்லது சொரசொரப்பான வெள்ளை

விரலால் வழித்தால் வருவது எண்ணெய். சனிக்கிழமை நல்லெண்ணெய் வைத்த தலையோடு இறங்குவது, தினம் தேங்காய் எண்ணெய், மஞ்சள். சமையல் சோடாவை ஈரப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தால் போகும். பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம், நுரை அடங்காது. வேட்டி, பருத்திச் சுடிதாரோடு இறங்கினால் நூல் துணுக்கும், தலையில் வைத்த மல்லிகையும் மோட்டாருக்கு முன்னுள்ள கூடையில்தான் போய் நிற்கும்.

விரலுக்கு வராத வெள்ளை சுண்ணாம்புப் படிவு. ஆசிட் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, நைலான் பிரஷ், கையுறை, கண்ணாடி. நீர்மட்டத்தை ஒரு சாண் இறக்கிவிட்டுச் செய்யுங்கள். பக்கத்தில் குளோரின் டப்பா எதுவும் இருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் விஷவாயு. அதேபோல டி.சி.சி.ஏ. எடுத்த கரண்டியைக் கால்சியம் ஹைப்போவுக்குள் விடக் கூடாது, தீப்பிடிக்கும்.

அறிகுறி: தண்ணீர் மட்டம் இறங்குகிறது

இந்தக் குளத்தில் 1 செ.மீ. என்பது 720 லிட்டர். கத்திரி வெயிலிலும் ஆடிக் காற்றிலும் நாளுக்கு 5 முதல் 8 மி.மீ. ஆவியாகப் போவது இயல்பு. அதற்கு மேல் போகிறதா என்று பார்க்க வாளிச் சோதனை: ஒரு வாளியில் குளத்து நீரை நிரப்பிப் படியில் வைத்து, உள்ளே வாளி மட்டத்தையும் வெளியே குள மட்டத்தையும் குறியுங்கள். தானாக நிரப்பும் வால்வை மூடுங்கள். கசிவை மாதக்கணக்கில் மறைப்பது அதுதான். மோட்டார் ஓட்டத்தில் 24 மணி நேரம், நிறுத்தி 24 மணி நேரம். இரண்டு நாளும் யாரும் குளிக்கக் கூடாது. ஓவர்ஃப்ளோ வகைக் குளமானால் முதல் நாளைக்குரிய இறக்கம் குளத்தில் தெரியாது, வழியும் நீர் சேரும் பேலன்சிங் டேங்கில் தெரியும்.

*வாளியும் குளமும் ஒரே அளவு இறங்கினால்* கசிவு இல்லை. வேலை முடிந்தது.

*மோட்டார் ஓடும்போது மட்டும் அதிகம் போனால்* முதலில் வேஸ்ட் குழாயின் வாயைப் பாருங்கள். ஃபில்டர் நிலையில் அங்கே சொட்டினால் மல்டிபோர்ட் வால்வின் உள் கேஸ்கெட் போயிற்று. மோட்டார் ஓடும்போதே கைப்பிடியைத் திருப்புவதால்தான் அது கிழிகிறது. அங்கே உலர்ந்திருந்தால் குளத்துக்குத் திரும்பும் குழாயில் கசிவு. பிரஷர் டெஸ்ட் செய்யும் பிளம்பர் வேண்டும். அதற்கு முன் தரையை உடைக்க யாரையும் விடாதீர்கள்.

*நிறுத்தினாலும் போனால்* எந்த மட்டத்தில் நிற்கிறது என்று காத்திருந்து பாருங்கள். ஸ்கிம்மர் (சுவரில் மேல்மட்டக் குப்பையை இழுக்கும் திறப்பு) வாயில் நின்றால் ஸ்கிம்மர் இணைப்பு. விளக்கு மட்டத்தில் நின்றால் விளக்குக்குள் வரும் ஒயர் குழாய். நிற்காமல் இறங்கினால் வடிகால் அல்லது தரை. சந்தேகமான இடத்தில் அசையாத நீரில் சிரிஞ்சால் பேனா மையை மெல்ல விடுங்கள். விரிசல் இருந்தால் மை உள்ளே இழுபடும்.

தரை விரிசல் என்றால் ஒப்பந்தக்காரர் வேலை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் குளத்தை முழுதாக வடிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். கண்மாயை ஒட்டிய மனைகளில் அப்போது நிலத்தடி நீர் மேலே நிற்கும். காலிக் குளத்தைக் கீழிருந்து தூக்கி உடைத்துவிடும். பங்குனிக்குத் தள்ளுங்கள்.

அறிகுறி: மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் சுற்றவில்லை

ஃபில்டர் மேலுள்ள அழுத்த அளவியில், பேக்வாஷ் முடிந்ததும் காட்டும் எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். இது இல்லாமல் மற்ற எதுவும் புரியாது.

*அதைவிட 8 முதல் 10 பி.எஸ்.ஐ. கூடினால்* பேக்வாஷ். கண்ணாடிக் குமிழில் தெளிவாகும்வரை, இரண்டு மூன்று நிமிடம். பிறகு ரின்ஸ் ஒரு நிமிடம். ரின்ஸை விட்டுவிட்டால் அழுக்கு குளத்துக்கே திரும்பும். பேக்வாஷ் செய்த மறுநாளே ஏறினால் மணல் மாற்ற வேண்டும்.

*எண் குறைந்தால்* கூடை நிறைந்திருக்கிறது, அல்லது காற்று இழுக்கிறது. நீர்மட்டம் ஸ்கிம்மர் வாயின் பாதிக்குக் கீழே போனதா? கூடை மூடியின் ஓ-ரிங் காய்ந்து வெடித்ததா? கழற்றி, துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவிப் போடுங்கள். உறிஞ்சு வால்வின் தண்டு கசிகிறதா? இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும்.

*ஈபி லைன் வேலை நடந்த மறுநாளிலிருந்து குறைந்தால்* மும்முனை மோட்டார் எதிர்த்திசையில் சுற்றுகிறது. விசிறியின் திசையை மேலுள்ள அம்புக்குறியோடு ஒப்பிடுங்கள். எலெக்ட்ரீஷியன் இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்தால் முடிந்தது. இதைக் கண்டுபிடிக்காமல் புது மோட்டார் வாங்கிய சங்கங்கள் உண்டு.

*மோட்டார் உறுமிவிட்டு நின்றால்* ஒற்றை முனையில் கெப்பாசிட்டர். மும்முனையில் ஒரு பேஸ் வரவில்லை. திரும்பத் திரும்ப ஆன் செய்தால் காயில் கருகும். *தண்டோரம் சொட்டினால்* மெக்கானிக்கல் சீல். அப்படியே விட்டால் அடுத்தது பேரிங். *குளத்துத் தரையில் மணல் கொட்டிக் கிடந்தால்* ஃபில்டருக்குள் விரல் போன்ற குழாய் உடைந்தது. மணல் முழுவதையும் எடுக்க வேண்டும், ஆள் வைத்துச் செய்யுங்கள்.

அறிகுறி: குழந்தை குளத்தில் மலம் கழித்துவிட்டது

யார் வீட்டுப் பிள்ளை என்ற விசாரணை பிறகு. கட்டியான மலம் என்றால் வலையால் அள்ளி, எல்லோரையும் வெளியேற்றி, பி.எச். 7.5க்கு மிகாமல் குளோரின் 2 பி.பி.எம். இருக்கும்படி 30 நிமிடம். வலையும் அதே நீரில் இருக்கட்டும். வயிற்றுப்போக்கு என்றால் வேறு கதை: அதில் வரக்கூடிய கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி சாதாரணக் குளோரினுக்குச் சாகாது. 20 பி.பி.எம். அளவில் பன்னிரண்டே முக்கால் மணி நேரம் வைத்து, பிறகு பேக்வாஷ் செய்து வேஸ்டில் விட வேண்டும். சயனூரிக் உள்ள குளத்தில் இந்தக் கணக்கு செல்லாது. முதலில் தண்ணீரை மாற்றி அதை 15க்கு மிகாமல் குறைத்து, 20 பி.பி.எம். அளவில் 28 மணி நேரம் வைக்க வேண்டும். வயிற்றுப்போக்கு இருந்தவர், அது நின்று இரண்டு வாரம்வரை இறங்கக் கூடாது என்று பலகையிலேயே எழுதிவிடுங்கள்.

அறிகுறி: பதிவேட்டில் எல்லா நாளும் "7.4, 2.0"

இதுவும் கோளாறுதான், மேலே உள்ளவற்றில் பலதும் தொடங்கும் இடம். பூல்காரர் மாதக் கடைசியில் உட்கார்ந்து எழுதுகிறார். உண்மையான குளம் வெயிலுக்கும் மழைக்கும் கூட்டத்துக்கும் ஆடும்; எண்ணும் ஆட வேண்டும்.

கிட் இருக்கிறதா, மருந்து காலாவதியா என்று முதலில் பாருங்கள். ஒன்றிரண்டு மாதமாகத் திறக்காத புட்டியாக இருந்தால் விடை கிடைத்தது. கிட் சரியென்றால், அளந்த குழாயைக் கரையில் வைத்துத் தேதி தெரியும்படி படமெடுத்துச் சங்கத்தின் வாட்ஸ்அப்பில் தினம் காலை 7 மணிக்குப் போடச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை செயலாளரோ பொருளாளரோ தாமே அளந்து பக்கத்தில் எழுதட்டும். இரண்டு எண்ணும் 0.4க்கு மேல் விலகினால் இருவரும் சேர்ந்து அளக்க வேண்டும்.

பூல்காரரையே மருந்து வாங்கச் சொல்லி மொத்தமாகப் பணம் கொடுக்கும் ஒப்பந்தத்தில், குறைவாகப் போடுவது அவருக்கு லாபம். சங்கமே வாங்கி, வேலைக்கு மட்டும் சம்பளம் கொடுத்தால் அந்த ஆசை போகும். லட்சம் லிட்டர் குளத்துக்குத் தினம் 2 பி.பி.எம். என்றால் மாதம் 60 லிட்டர் ஹைப்போ. கூட்டம் அதிகமுள்ள மே மாதத்தில் இதைவிடக் கூடும், மார்கழியில் குறையும். எல்லா மாதமும் ஒரே பில் வந்தால், பில்லையும் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்.